நிரப்பிய படிவம் கணக்கில் ஏறும் வழி

கிராமக் கணக்குகளுள் இரண்டாம் எண் பெற்ற அடங்கலை அறியாத உழவர் இலர். எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில், எவர் என்ன பயிர் செய்தார், பாசனம் ஏரியினாலா கிணற்றினாலா என்பனவற்றைப் பசலிதோறும் வரிவரியாக எழுதி வைக்கும் பதிவேடு அது. 1980-ஆம் ஆண்டில் கர்ணம் பதவி ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்துக்கு வந்த பின்னரும் அக்கணக்கின் அமைப்பு மாறவில்லை. ஒரு புலத்துக்கு ஒரு வரி. ஒரு செய்திக்கு ஒரு கலம். சிட்டாவோ பட்டா எண் வாரியாக அமைந்தது. இவ்விரு கணக்குகளையும் பிணைத்து நிற்பது பட்டா எண்ணே. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குப் போய் வரலாம்.

கணினித் துறையினர் 'தரவுத்தளம்' என்று சொல்வது இதனின் வேறானதன்று. வரிகளும் கலங்களும் கொண்ட பல கணக்குகள், அவற்றைப் பிணைக்கும் ஓர் எண், இவ்வளவே. அப்பெயரைக் கேட்டு மிரளும் ஊராட்சி உறுப்பினர்களுக்கு நாம் முதலில் காட்டுவது அடங்கலின் ஒரு பக்கத்தைத்தான். பார்த்தவுடன் மிரட்சி போய்விடுகிறது.

செங்கற்பட்டுச் சீமைக்கு இவ்வேலை புதியதும் அன்று. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் ஆங்கிலப் பொறியாளர் இச்சீமையில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிய தமிழ்க் கணக்குகள் ஒருபுறமும், ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிய பதிவேடுகள் மறுபுறமும் அக்காலத்திலேயே இருந்தன. ஓலையிலிருந்து காகிதத்துக்கும், காகிதத்திலிருந்து கணினிக்கும் விவரம் பெயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறை பெயர்த்தெழுதும்போதும் ஏதேனும் ஒன்று கை தவறுகிறது. அந்தத் தவறுதலைத் தடுப்பது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

ஒரு மூதாட்டியின் புல எண்

சில ஆண்டுகளுக்கு முன் நம் பார்வைக்கு வந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். ஊரின் பெயரும் அலுவலகத்தின் பெயரும் இங்கு வேண்டுவதில்லை. மழையால் அழிந்த பயிருக்கு விவரம் திரட்டும் பொருட்டுப் பி.டி.எப். படிவம் ஒன்று ஊராட்சிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. அது கணினியிலேயே நிரப்பத்தக்க படிவம். ஆனால் அங்ஙனம் எவரும் நிரப்பவில்லை. அதனை அச்செடுத்து, ஜெராக்ஸ் செய்து, பேனாவால் நிரப்பி, செல்போனில் படம் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். பெற்றுக்கொண்ட அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர் ஒருவர் அப்படங்களைப் பார்த்து எக்செல் தாளில் அடித்தார்.

மூதாட்டி ஒருவருக்கு இருந்த நிலத்தின் புல எண் 11/4. தட்டச்சர் பதினொன்று, ஒரு சாய்கோடு, நான்கு என்றே அடித்தார். எக்செல் தாளோ அதனைத் தேதி என்று கருதி ஏப்ரல் 11 ஆக்கிவிட்டது. அடங்கலோடு ஒப்பிட்டபோது அப்படி ஒரு புல எண் இல்லை. 'பொருந்தவில்லை' என்ற குறிப்போடு அவ்வரி நீக்கப்பட்டது. படிவத்தில் எழுதியவரும் சரியாகவே எழுதினார். தட்டச்சரும் சரியாகவே அடித்தார். ஒப்பிட்டவரும் விதிப்படியே நடந்தார். மூதாட்டியின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. "எம்பேரை எழுதிக்கினு போனாங்களே, அது எங்கய்யா போச்சு?" என்று அவர் மூன்று முறை வந்து கேட்டார். முதல் இரு முறையும் விடை சொல்வார் இல்லை.

இதனைக் கற்றறியாதார் குறை என்று எண்ணிவிடலாகாது. மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்ச்சுருக்கம் மார்ச்சு, செப்டம்பர் மாதப் பெயர்களை ஒத்திருந்தமையால், ஆராய்ச்சியாளர்களின் எக்செல் தாள்களில் அவை தேதிகளாக மாறிக்கொண்டே இருந்தன. முடிவில் 2020-ஆம் ஆண்டில் அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை கொரோனா நோய் உறுதியானவர்களுள் 15,841 பேர் அன்றாடக் கணக்கில் ஏறாமல் விடுபட்டனர். ஆய்வகங்கள் அனுப்பிய விவரத்தைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியதும், அக்கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாததுமே காரணம். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதும் அதனால் தாமதப்பட்டது. விவரம் ஓரிடத்தில் சரியாக இருந்தும், இன்னோரிடத்துக்குச் செல்லும் வழியில் தொலைந்தது; இரண்டிலும் நடந்தது அதுவே.

படிவத்தின் உள்ளே இருப்பது

பி.டி.எப். என்னும் கோப்பு முறையை அடோபி நிறுவனம் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே தோற்றத்தில் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். 1996-இல் அப்பக்கத்தின் மேல் நிரப்பத்தக்க கட்டங்களை வைக்கும் வசதி சேர்ந்தது. 2008-இல் அது உலகப் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது.

கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு கட்டத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத பெயர் ஒன்று உண்டு. தமிழ்க் கணினியார் அக்கட்டத்தைப் 'புலம்' என்று அழைப்பர். உழவருக்கு இச்சொல் புதிதன்று. இங்கும் ஒவ்வொரு புலத்துக்கும் அடையாளம் வேண்டும் என்பதே முறை. 'பட்டாதாரர் பெயர்' என்ற கட்டத்தில் ஒருவர் தம் பெயரை அடித்ததும், கோப்பினுள் "இந்தப் புலம், இந்த மதிப்பு" என்று இரண்டிரண்டாகப் பதிவாகிறது. அந்த இணைகளை மட்டும் கணினி தனியே உருவி எடுத்துவிடும். ஒரு படிவம் ஒரு வரியாகும். ஒரு புலம் ஒரு கலமாகும். இருநூறு படிவங்கள் வந்தாலும் சில நொடிகளில் இருநூறு வரிகள் எழுதப்பட்டுவிடும். இடையில் எவரும் மறுபடி தட்டச்சுச் செய்ய வேண்டுவதில்லை.

ஆனால் அப்படிவத்தை அச்செடுத்துப் பேனாவால் நிரப்பி ஸ்கேன் செய்தோமானால், கிடைப்பதும் பி.டி.எப். கோப்புத்தான், உள்ளே இருப்பதோ வெறும் படம். முளைவிடும் நெல்லுக்கும் அவித்த நெல்லுக்கும் உள்ள வேறுபாடு அது. பார்வைக்கு இரண்டும் நெல்லே. செல்போனில் நிரப்பிவிட்டு 'அச்சிடு' என்ற கட்டளையின் வழியே புதிய பி.டி.எப். ஆகச் சேமிப்பவர்களும் இதே தவற்றைச் செய்கிறார்கள். எழுத்து தெரியும், புலம் இராது.

நாடளாவிய அளவில் இம்முறையை நம் நாடு கையாண்டு பார்த்திருக்கிறது. மத்திய அரசின் நிறுவன விவகார அமைச்சகம் 'எம்.சி.ஏ. 21' என்னும் திட்டத்தை 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூரில் முன்னோட்டமாகத் தொடங்கியது. நிறுவனங்கள் தம் ஆண்டுக் கணக்கைப் பி.டி.எப். படிவத்தில் நிரப்பி, மின் கையொப்பமிட்டு அனுப்பும். அமைச்சகத்தின் கணினி புலங்களை உருவித் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும். உழவர்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தோன்ற வழி பிறந்தது. இந்நிறுவனங்களும் பொதுக்குழுக் கூட்டத்திலிருந்து 30 நாட்களுக்குள் நிதிநிலைக் கணக்கையும், 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையையும் அங்கே அனுப்பக் கடமைப்பட்டவை. தவறினால் 2018 சூலை முதல் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். உழவர்கள் பங்குத் தொகையாகச் சேர்த்த பணத்தில் நாள்தோறும் 100 ரூபாய் கரைவது சிறிய செய்தியன்று.

அந்தப் படிவங்களில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு. நிறுவனத்தின் அடையாள எண்ணை அடித்தவுடன் அதன் பெயரும் முகவரியும் அமைச்சகத்தின் பதிவேட்டிலிருந்து தாமே வந்து நிரம்பின. ஏற்கெனவே அரசிடம் இருக்கும் விவரத்தை மக்களிடம் மறுபடி கேட்கவில்லை. அன்றியும், அனுப்பும் முன்னரே படிவம் தன்னைத்தான் சோதித்து, விடுபட்ட புலத்தைச் சுட்டிக் காட்டிற்று. இவை போற்றத்தக்கவை. குறையும் இருந்தது. அவை எக்ஸ்.எப்.ஏ. என்னும் தனிவகைப் படிவங்கள். அடோபியின் மென்பொருள் அல்லாத பலவற்றிலும், செல்போனிலும், "காத்திருக்கவும்" என்ற ஒரு செய்தியன்றி வேறொன்றும் தெரியாது. 2017-இல் வந்த புதிய பி.டி.எப். தரத்தில் அவ்வகை கைவிடப்பட்டது. அமைச்சகமும் 2022 முதல் படிப்படியாக இணையத்திலேயே நேரே நிரப்பும் படிவங்களுக்கு மாறிவிட்டது.

அப்படியாயின் பி.டி.எப். படிவம் இனி எதற்கு என்று கேட்கலாம். இணைய இணைப்பு அறுந்து கிடக்கும் நாளிலும் அதனை நிரப்பலாம். நிரப்பியதை அப்படியே அச்செடுத்துக் கையொப்பம் பெறலாம். உழவர் கையில் ஒரு படி கொடுக்கலாம். சிறிய கணக்கெடுப்புக்கு ஓர் ஒன்றியமோ ஓர் உழவர் நிறுவனமோ செலவின்றித் தானே செய்துகொள்ளலாம். லிபரேஆபீஸ் என்னும் இலவச மென்பொருளிலேயே எளிய வகைப் படிவத்தை ஆக்கலாம். புலங்களை உருவ, கட்டணமற்ற பி.டி.எப்.டி.கே. என்னும் கருவியும், பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரலும் போதும். கணினி படித்த இளைஞர் ஒருவருக்கு இது ஒரு நாள் வேலை. படிவத்தை அமைப்பதற்குத்தான் யோசனை மிகுதியாக வேண்டும். அதற்கு நிலமும் ஊரும் தெரிந்தவர் வேண்டும்.

அளவு, எண், எழுத்து

முதலில் பரப்பு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற அளவில் அச்சாகியிருக்கிறது. உழவர் பேசுவதோ ஏக்கரும் சென்டும். முதியோர் சிலர் இன்னும் காணி என்பர். படிவத்தில் 'பரப்பு' என்று மட்டும் ஒரு கட்டம் வைத்தால் என்ன நேரும்? ஒரு ஏக்கர் நிலம் வைத்திருப்பவர் பட்டாவைப் பார்த்து 0.405 என்று நிரப்புவார். அலுவலகத்தில் அதனை ஏக்கர் என்று கொண்டால், ஒரு ஏக்கர் நாற்பது சென்டாகச் சுருங்கிவிடும். இதன் பயன் யாதென்று கணக்கிட்டுப் பார்ப்போம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் மாவட்டத்தையும் சென்னையையும் சூழ்ந்த வேளையில், 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமுற்ற நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஒரு ஏக்கர் முழுதும் அழிந்திருந்தால் 6,885 ரூபாய் வர வேண்டும். அளவு மாறிப் படித்தால் வருவது ஏறத்தாழ 2,786 ரூபாய். ஒரு கட்டத்தில் அளவின் பெயர் எழுதாமையால் ஓர் உழவர் 4,100 ரூபாய் அளவுக்கு இழப்பார். ஆகவே 'ஹெக்டேர்' என்றும் 'ஏர்' என்றும் பட்டாவில் உள்ளவாறே இரண்டு கட்டங்கள் வைத்தல் வேண்டும். ஏக்கராக மாற்றுவது கணினியின் வேலை, உழவரின் வேலையன்று.

புல எண்ணையும் உட்பிரிவையும் தனித்தனிக் கட்டங்களில் கேட்டல் நன்று. 11 ஒன்றில், 4 மற்றொன்றில். அவை எண்கள் போல் தோன்றினாலும் கணினியில் எழுத்துகளாகவே கொள்ளப்பட வேண்டும் என்று குறித்துவிட வேண்டும். கூட்டவோ கழிக்கவோ போகும் எண் மட்டுமே எண், மற்றவையெல்லாம் அடையாளம். கூடுவாஞ்சேரியைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் இது பெரிதும் முக்கியமானது. ஊரப்பாக்கம் தொடங்கிப் பெருமாட்டுநல்லூர் வரை நஞ்சையும் புஞ்சையும் மனைகளாகி வருகின்றன. ஒரு புலம் பலவாகப் பிரிந்து, எண்ணும் ஆங்கில எழுத்தும் மாறி மாறி நீளும் உட்பிரிவுகள் பெருகிவிட்டன. இவற்றில் ஓர் எழுத்து மாறினால் பக்கத்து மனைக்காரர் கணக்கில் போய் விழும்.

வங்கிக் கணக்கு எண்ணிலும் இதே இடர் உண்டு. முதலில் சுழியம் உள்ள எண்ணை எக்செல் தாளில் எண்ணாக அடித்தால் சுழியம் மறையும். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம் கொண்டது. எக்செல் 15 இலக்கங்களையே நினைவில் வைத்துப் பதினாறாவதைச் சுழியம் ஆக்கிவிடும். வங்கிக் கிளையின் ஐ.எப்.எஸ்.சி. குறியீட்டில் பதினொன்று இடங்கள். ஐந்தாவது இடத்தில் இருப்பது சுழியம். அதனை ஆங்கில எழுத்து 'ஓ' என்று அடிப்பவர் பலர். படிவமே இதனைச் சோதித்துச் சொல்லும்படி அமைக்கலாம்.

ஊர்ப் பெயரை ஒருபோதும் எழுதச் சொல்லலாகாது. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்தல் வேண்டும். நம் கூடுவாஞ்சேரியையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதுவோர் சிலர் 'ஜி' என்று தொடங்குவர், சிலர் 'கே' என்று தொடங்குவர். முடிவில் சிலர் 'ஐ' இடுவர், சிலர் 'ஒய்' இடுவர். கணினிக்கு இவை நான்கு வேறு ஊர்கள். போதாக்குறைக்கு, நந்திவரம் கூடுவாஞ்சேரி 2021-ஆம் ஆண்டில் பேரூராட்சி நிலையிலிருந்து நகராட்சியாயிற்று; பழைய பட்டியலை வைத்திருப்போர் இன்னும் பேரூராட்சி என்றே குறிக்கிறார்கள். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒவ்வொரு ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்திருக்கிறது. மக்கள் கண்ணுக்கு ஊர்ப் பெயர் தெரிந்து, உள்ளே அந்த எண் பதிவாகுமாறு செய்தால் குழப்பம் தீரும்.

அடையாளக் குறியிடும் சிறு கட்டங்களைப் பற்றி ஒரு சொல். 'பாசனக் கிணறு உண்டு' என்று எழுதி ஒரு கட்டம் வைத்தால், குறியிட்டவர் கிணறு உடையவர் என்பது விளங்கும். குறியிடாதவர்? கிணறு இல்லாதவரா, கேள்வியைப் படிக்காதவரா? இரண்டும் ஒன்றாகவே பதிவாகும். 'உண்டு', 'இல்லை' என்று இரண்டும் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தாலன்றி அக்கலத்தை நம்பி எத்திட்டமும் போடலாகாது.

தமிழ் எழுத்தின் சிக்கல் தனியானது. பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் வேறு எழுத்துகளுக்குரிய இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் அடித்த பெயரைப் பதிவேட்டில் ஏற்றினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை, அஃதாவது யூனிகோடு முறையை, டேஸ் 16 என்னும் முறையோடு சேர்த்துத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆயினும் பழைய எழுத்துருவில் பழகிய கைகள் இன்றும் உண்டு. ஒருங்குறியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'கோவிந்தம்மாள்' என்ற பெயரின் முதலெழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். முன்னே இரட்டைக்கொம்பு, பின்னே துணைக்கால் என்று இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவர்கள் இரண்டு பெண்மணிகள். பதிவேட்டில் ஏற்றும் முன் எல்லாப் பெயர்களையும் ஒரே முறைக்குச் சீராக்கும் கட்டளை உண்டு. நிரல் எழுதுபவரிடம் அதனைச் சொல்லிவைக்க வேண்டும். சில மென்பொருள்களில் கட்டத்தினுள் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிவதும் உண்டு. உள்ளே சரியாகவே பதிந்திருக்கும், பதற வேண்டுவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு பெயரை வைத்து ஒருவரைக் கண்டுபிடிக்க முயல்வது வீண். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே வரும், பின்னே வரும். பட்டாவில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. பட்டா எண்ணும் ஊர்க் குறியீடும் சேர்ந்ததே நல்ல பிணைப்பு. ஆதார் எண்ணைச் சட்டப்படி தேவைப்படும் திட்டத்துக்கன்றிக் கேட்கலாகாது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. நிரப்பிய படிவங்களைக் கட்செவிக் குழுக்களில் போட்டுவைக்கும் வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

களமும் குதிரும்

அறுத்த நெல்லை நேரே குதிரில் கொட்டுவார் இலர். களத்தில் அடித்து, தூற்றி, உலர்த்திய பின்னரே உள்ளே சேர்ப்பர். படிவங்களிலிருந்து உருவிய விவரத்தையும் முதலில் ஒரு தற்காலிகக் கணக்கில் கொட்டிவைத்தல் வேண்டும். அங்கே சோதனை. இந்தப் புல எண் அடங்கலில் உளதா? எழுதிய பரப்பு அடங்கலில் உள்ள பரப்பினும் மிகுந்ததா? ஒரே பட்டா இரண்டு முறை வந்துள்ளதா? ஒவ்வொரு படிவத்துக்கும் முன்னரே வரிசை எண் அச்சிட்டு அனுப்பியிருந்தால், ஒருவர் திருத்தி மறுபடி அனுப்பும் படிவம் பழைய வரியை நீக்கி அவ்விடத்தில் அமரும், இரட்டிப்பு நேராது.

சோதனையில் தேறாத வரிகளை என்ன செய்வது என்பதில்தான் நம் அலுவலகங்கள் பெரும்பாலும் தவறுகின்றன. 'பொருந்தவில்லை' என்று ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஒதுங்கிக் கிடப்பவர் யார் என்று பார்த்தால், வாரிசுப் பட்டா மாற்றாதவர், குத்தகைக்குப் பயிரிடுபவர், கையெழுத்துப் போடத் தெரியாதவர், இவர்களே மிகுதி. நம் கருத்தில், தேறாத ஒவ்வொரு வரியும் காரணத்தோடு ஒரு தனிப் பட்டியலாகி, ஒரு வாரத்துக்குள் அந்த ஊராட்சிக்கே திரும்பிச் செல்ல வேண்டும். அதனைக் கேட்டு வாங்குவது வார்டு உறுப்பினரின் உரிமை. எத்தனை படிவங்கள் போயின, எத்தனை வரிகள் ஏறின, எத்தனை திரும்பின என்னும் மூன்று எண்களைக் கேளுங்கள். பின்னிரண்டின் கூட்டல் முதலாவதற்குச் சமமாகாவிடில் யாரோ ஒருவர் வழியில் விடுபட்டிருக்கிறார் என்று பொருள். முற்காலத்தில் ஜமாபந்தியில் கணக்குப் பார்த்ததும் ஏறக்குறைய இவ்வண்ணமே.

தேறிய பட்டியலைக் கிராம சபையில் வாசித்தல் நன்று. ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த கிராம சபை, 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆறு முறை கூடுகிறது. பெயர், புல எண், பரப்பு ஆகிய மூன்றை வாசித்தால் போதும். வங்கிக் கணக்கை வாசிக்கலாகாது. ஏரிக்கரைப் புலம் யாருடையது என்பது கணினிக்குத் தெரியாமற் போகலாம், கூடியிருப்போருக்குத் தெரியும்.

குதிரின் சாவி யார் கையில் என்பதும் கேட்கத்தக்கது. 2020-ஆம் ஆண்டில் பிரதமரின் உழவர் உதவித்தொகைத் திட்டத்தில், நம் மாநிலத்தின் சில மாவட்டங்களில் தகுதியற்றோர் சுமார் 5.5 இலட்சம் பேர் பதிவாகி, 110 கோடி ரூபாய் அளவுக்குப் பணம் தவறாகச் சென்றது கண்டறியப்பட்டது. அலுவலர்க்குரிய கடவுச்சொற்கள் வெளியார் கைக்குப் போனமை அதற்கு ஒரு வழியாயிருந்தது. படிவம் எவ்வளவு செம்மையாக அமைந்தாலும், கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கணினித் திரையில் ஒட்டிவைக்கும் அலுவலகத்தில் அது பயன்படாது.

இவற்றையெல்லாம் கேட்ட ஓர் ஊராட்சித் தலைவர், "எங்கள் ஊரில் பாதிப்பேருக்குக் கணினி தெரியாதே" என்றார். உண்மை. காகிதத்தை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. காகிதத்தில் நிரப்பிக் கொண்டுவரும் உழவரைத் திருப்பி அனுப்பலாகாது. ஊராட்சி அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அவர் சொல்லச் சொல்லப் படிவத்தின் கட்டங்களில் நேரே அடித்து, முடிந்ததும் உரக்கப் படித்துக் காட்டி, ஓர் அச்சுப்படி கையில் கொடுத்தல் வேண்டும். தம் நிலத்தின் அளவு தவறாகப் படிக்கப்பட்டால் அதனை உடனே மறுக்கக்கூடியவர் அவர் ஒருவரே. பத்து நாள் கழித்து, இருபது கல் தொலைவில், அவரை அறியாத தட்டச்சர் ஒருவருக்கு அது இயலாது. இதற்கு ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகலாம். ஐம்பது பேர் உள்ள சிற்றூருக்கு இரண்டு நாள் வேலை.

கடைசியாக, மூலப் படிவங்களை அழிக்கலாகாது. விவரம் பதிவேட்டில் ஏறிவிட்டது என்று கருதி மின்னஞ்சலைத் துடைத்துவிடுவோர் உண்டு. ஊர்வாரியாக, தேதிவாரியாக மடிப்புகளில் சேர்த்து, வேறொரு வட்டிலும் ஒரு படி எடுத்துவைத்தல் வேண்டும். பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் அது எந்தப் படிவத்திலிருந்து வந்தது என்பதற்கு ஒரு கலம் இருக்கட்டும். முன்னே கூறிய மூதாட்டி மூன்றாம் முறை வந்தபோது, அவ்வூராட்சிச் செயலர் தம் பழைய செல்போனில் அழிக்காமல் வைத்திருந்த மங்கிய படம் ஒன்றைத் தேடி எடுத்தார். அதில் 11/4 என்பது நன்றாகவே தெரிந்தது. அன்று மாலையே அவ்வரி திருத்தப்பட்டது.